அசலின் மேல் கன்ட்ரோல் எஸ்: கவர் படம் செய்வோர் தவிர்க்க வேண்டியவை

போன வாரம் எங்கள் கடைக்குப் புதிதாக வந்த தம்பி, ஏற்காட்டில் இருக்கும் ஒரு காட்டேஜுக்கு ஃபேஸ்புக் கவர் செய்துகொண்டிருந்தான். பின்னால் நின்று பார்த்தேன். கேமரா படத்தைப் போட்டோஷாப்பில் திறந்தான், இமேஜ் சைஸில் கவரின் அகலமான 851 என்று அடித்தான், சேவ் செய்ய விரல் கன்ட்ரோல் எஸ் பக்கம் போனது. “டேய், கையை எடு!” என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். தம்பி மிரண்டுவிட்டான். பாவம், அவனுக்கு என் 2014 கதை தெரியாது.

எழுத்துப்பிழை பார்க்கணும், மங்கலான படம் போடக்கூடாது என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

அசல் படத்தையே சுருக்கி சேவ் செய்வது

அப்போது நான் சேலம் நான்கு ரோடு பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்தும் ஒருவர் பென்டிரைவோடு வந்தார். உள்ளே ஒரே படம். விடியற்காலையில் அவர் எஸ்டேட் மேட்டிலிருந்து எடுத்தது. கீழே சேலம் ஊரே தெரியாமல் மேகம் மூடிக் கிடக்கிறது, ஜருகுமலை உச்சி மட்டும் தீவு மாதிரி நிற்கிறது. ஓரத்தில் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரம். அப்படி ஒரு காலை திரும்ப அமையுமா என்பது மலைக்காரர்களுக்கே தெரியாது.

அந்தப் படம் 6000×4000. அதாவது 2 கோடியே 40 லட்சம் பிக்சல், படத்தை ஆக்கும் புள்ளிகள். நான் பென்டிரைவிலிருந்தே திறந்து, 851×315 ஆக வெட்டிச் சுருக்கி, பெயரை எழுதி, லேயர்களை ஒன்றாக்கி, அதே பெயரில் சேவ் செய்து மூடினேன். மிஞ்சியது 2 லட்சத்து 68 ஆயிரம் பிக்சல். தொண்ணூறில் ஒரு பங்கு. திரையில் பளிச்சென்று இருந்ததால் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அவரும் சந்தோஷமாகப் போய்விட்டார்.

ஆறு மாதம் கழித்து வந்தார். “தம்பி, கோடை விழாவுக்குக் கூட்டம் வரும். அதே படத்தை 10 அடிக்கு 4 அடி ஃப்ளெக்ஸாப் போட்டுக் குடுங்க.” அவர் பென்டிரைவில் இருந்ததும் என் கைவரிசைதான், எங்கள் கம்ப்யூட்டரில் இருந்ததும் அதேதான். 10 அடி என்றால் 120 அங்குலம். 851-ஐ 120-ஆல் வகுத்தால் ஓர் அங்குலத்துக்கு 7 பிக்சல். தள்ளி நின்று பார்க்கிற ஃப்ளெக்ஸ் என்றால் 40, 50 இருந்தால் ஓட்டிவிடலாம். அசல் இருந்திருந்தால் சரியாக 50 வந்திருக்கும். இந்தக் கணக்கு அன்று எனக்குத் தெரியாது. எண்ணைப் பெரிதாக்கினால் படம் பெரிதாகிவிடும் என்று நம்பி 6000 என்று அடித்து மெஷினுக்கு அனுப்பிவிட்டு, தட்டுவடை செட் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது 40 சதுர அடியும் ஓடி முடிந்திருந்தது. மேகம் சாம்பல் சாம்பலாகத் திட்டுத் திட்டாகக் கிடந்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்ன தம்பி, மலைக்குப் படிக்கட்டு கட்டியிருக்கீங்க?”

ஃப்ளெக்ஸ் காசு என் சம்பளத்தில் போனது. அது கூடப் பரவாயில்லை. படம் எடுத்தவர் கேமரா கார்டை எப்போதோ ஃபார்மேட் செய்திருந்தார். அந்தச் சில்வர் ஓக்கையும் பிறகு வெட்டிவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் எரிச்சல் ஆறாதது இதில்தான்.

சுருக்கும்போது போட்டோஷாப் அருகருகே இருக்கும் பிக்சல்களைக் கலந்து ஒன்றாக்குகிறது. மீதி போயே போச்சு. பெரிதாக்கும்போது நடுவில் என்ன இருந்திருக்கும் என்று அது ஊகித்து நிரப்புகிறது, அவ்வளவுதான். அதனால் எங்கள் கடையில் இப்போது நடைமுறை இது: வந்த படம் முதலில் ‘அசல்’ என்கிற ஃபோல்டருக்குள் காப்பி ஆகும், அதன் மேல் யாரும் சேவ் செய்துவிடாதபடி ரீட் ஒன்லி டிக் விழும். பிறகு புதிய கேன்வாஸ் திறந்து, படத்தை பிளேஸ் எம்பெடட் மூலம் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக உள்ளே வைப்போம். எத்தனை முறை சுருக்கி விரித்தாலும் உள்ளே முழுப் படம் அப்படியே இருக்கும். போட்டோஷாப்பின் சொந்த ஃபைலான பிஎஸ்டியாக ஒன்று சேவ் ஆகும், ஏற்றுவதற்கு எக்ஸ்போர்ட்டில் இன்னொன்று.

இன்று ஃபேஸ்புக் கவர் கேட்பவர் நாளைக்கு எக்ஸுக்கு (பழைய ட்விட்டர்) 1500×500 கேட்பார், லிங்க்ட்இன்னுக்கு 1584×396, யூடியூபுக்கு 2560×1440. 851-ஐ வைத்துக்கொண்டு 2560-க்கு எங்கே போவது?

படத்தை வாட்ஸ்அப்பில் வாங்குவதும் இதே தவறின் தங்கச்சிதான். அது வரும் வழியிலேயே சுருங்கிவிடும். “டாக்குமென்ட்டா அனுப்புங்க” என்று கேளுங்கள். இரண்டாவது முறையும் போட்டோவாகத்தான் அனுப்புவார்கள். மூன்றாவது முறையும் கேளுங்கள்.

ஓரத்தில் போன் நம்பர்

கம்ப்யூட்டரில் 851×315 ஆகத் தெரியும் கவர், மொபைலில் 16:9 சட்டத்துக்குள் வரும்போது இரண்டு பக்கமும் வெட்டுப்படும். நாங்கள் இரட்டிப்பாக 1702×630 போடுகிறோம். அதில் நடுவே 1120 மட்டும்தான் மொபைலுக்கு. இடமும் வலமும் 291 பிக்சல் வெறும் வானமாகவோ செடியாகவோ இருக்கட்டும். கீழே ப்ரொஃபைல் படம் வேறு ஏறி உட்காரும். ஒரு மாம்பழ மண்டிக்கு நான் செய்த கவரில் நம்பரின் கடைசி மூன்று இலக்கம் மொபைலில் காணாமல் போனது. மாம்பழ சீசன் முடிகிற வரை யாரும் சொல்லவில்லை.

‘கொலுசு’ உடைவது

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்கடை கவர் என்றால் இந்தச் சொல் வந்தே தீரும். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் டைப் அமைப்பை மாற்றாமல் யூனிகோட் எழுத்தை ஒட்டினால் ‘கொ’வின் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நிற்கும். டைப் அமைப்புகளில் வேர்ல்ட் ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. தமிழ் தெரியாதவர் டிசைன் செய்தால் இது அவர் கண்ணுக்குப் படவே படாது. தெரிந்த நமக்கே அவசரத்தில் தவறுகிறது.

சிஎம்ஒய்கே

அச்சு மைகளுக்கான வண்ண முறை இது, ஃப்ளெக்ஸ் கடைப் பழக்கம். திரையில் தெரியும் கவருக்கு எஸ்ஆர்ஜிபி.

ஷிஃப்ட்

போட்டோஷாப் சிசி 2019-லிருந்து படத்தின் மூலையை இழுத்தாலே நீள அகல விகிதம் மாறாது. ஷிஃப்டை அழுத்தினால்தான் மாறும். என்னைப் போன்ற பழைய கைகள் இன்னும் அதை அழுத்தி முதலாளி முகத்தைப் பூசணிக்காய் ஆக்கிக்கொண்டிருக்கிறோம்.

விழா முடிந்தும் கவரை மாற்றாமல் விடுவது

நேற்று மலை மேல் ஒரு ஹோட்டலின் பேஜைப் பார்த்தேன். அங்கே இன்னும் போன வருஷக் கோடை விழா நடக்கிறது.