கேபிளை வெட்டுவதற்கு முன்: ஒரு கேபிள்காரன் சொல்லும் வழி

“ஏய்யா, எல்லாம் நெட்லயே வருதாமே, ஒன் கேபிள வெட்டிரலாமா?”

மாசம் பத்து வீட்டிலாவது இந்தக் கேள்வி வருகிறது. முப்பது வருஷமாக அவர்கள் மொட்டை மாடியில் ஏறி இறங்கி ஒயர் இழுத்தவனிடமே கேட்கிறோமே என்ற சங்கடம் யாருக்கும் இல்லை. போன வைகாசியில் என் சொந்தப் பெரியம்மாவும் கேட்டுவிட்டார்.

ராஜபாளையம் பக்கம் கேபிள் தொழில் எனக்கு. சன் டிவி வந்த மறு வருஷம், 1994-இல், மாடியில் பெரிய டிஷ் ஒன்றை நட்டு, மாடிப்படிக்குக் கீழே இருந்த பொந்துக்குக் கண்ட்ரோல் ரூம் என்று பேர் வைத்து ஆரம்பித்தேன். இப்போது அதே கம்பங்களில் ஃபைபர் என்னும் கண்ணாடி இழை ஒயரை இழுத்து நெட் கொடுக்கிறேன். கேபிள் இணைப்பில் பாதிக்கு மேல் போய்விட்டது. போனதில் பெரும்பாலானதை வெட்டியதும் நானேதான். இரண்டு பக்கமும் கை நனைத்தவன் என்பதால் சொல்கிறேன்: வெட்டலாம், ஆனால் கடைசியாக வெட்டுங்கள். முதலில் நெட் லைன், அப்புறம் டிவியில் ஆப் ஓட்டும் பெட்டி, அப்புறம் ஆப்புக்கான சந்தா. இந்த மூன்றும் ஒரு மாசம் ஒழுங்காக ஓடிய பிறகு கேபிள்.

ஊரில் நடப்பது தலைகீழ். ஆஃபர் என்று விளம்பரம் பார்த்ததும் வருஷச் சந்தா கட்டிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் டிவியில் அந்த ஆப்பே ஏறாது. எங்கள் தெரு வாத்தியார் ஒருவர் அப்படி ஒரு வருஷம் முழுக்க உள்ளங்கை அகலப் போனில் படம் பார்த்தார்.

லைனைப் பார்ப்போம். எவ்வளவு ஸ்பீடு வேண்டும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கே முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ் (நெட் வேகத்தின் அளவு), அதைவிடத் தெளிவான 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ்தான். ஒரு டிவி, மூன்று போன் இருக்கும் வீட்டுக்கு 40 எம்பிபிஎஸ் தாராளம். 300 எம்பிபிஎஸ் பிளானை விற்றால் எனக்குத்தான் லாபம், இருந்தாலும் சொல்லிவிட்டேன். டேட்டா தீர்ந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம். எச்டியில் ஒரு மணி நேரம் பார்த்தால் 3 ஜிபி வரை போகும். தினம் ஆறு மணி நேரம் ஓடினாலும் மாசத்துக்கு 540 ஜிபி. அன்லிமிடெட் என்று விற்கும் ஃபைபர் பிளான்களில் பெரும்பாலும் 3,300 ஜிபி வரை ஸ்பீடு குறைக்க மாட்டார்கள்.

கோளாறு ஸ்பீடில் இல்லை, மோடம் இருக்கும் இடத்தில். பெரியம்மா வீட்டில் மோடம் முன்னறை ஜன்னல் திட்டில். டிவி உள் ஹாலில். நடுவில் முக்கால் அடி செங்கல் சுவர், அந்தச் சுவரில் சாய்த்து ஒரு இரும்பு பீரோ. மோடம் பக்கத்தில் போனை வைத்து ஸ்பீடு டெஸ்ட் எடுத்தேன், 92 வந்தது. அதே போனை டிவிக்குப் பின்னால் பிடித்தால் 7. பீரோதான் எமன். நீங்களும் இந்த இரண்டு இடத்திலும் எடுத்துப் பாருங்கள். முதல் இடத்திலேயே குறைவாக இருந்தால் எங்களைக் கூப்பிடுங்கள். இரண்டாவது இடத்தில் மட்டும் குறைந்தால் எங்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. வைஃபை பட்டியலில் 2.4 என்றும் 5 என்றும் இரண்டு பெயர்கள் தெரியும். 5-க்கு வேகம் அதிகம், சுவரைத் தாண்டும் தெம்பு கம்மி. ஒரே அறை என்றால் 5, சுவர் குறுக்கே வந்தால் 2.4. இரண்டிலும் திருப்தி இல்லையென்றால் பதினைந்து மீட்டர் லேன் ஒயர் வாங்கி மோடத்திலிருந்து டிவிக்கு நேரே செருகிவிடுங்கள். பெரியம்மா வீட்டில் அதைத்தான் செய்தேன். பழைய கேபிள் ஒயர் போன ஆணி வழியாகவே அதுவும் போயிற்று.

தொழில் ரகசியம் ஒன்று. லைன் போட வருகிற பையனிடம், ஃபைபரில் வரும் ஒளியை அளக்கும் பவர் மீட்டரைக் காட்டச் சொல்லுங்கள். பச்சை முனை கொண்ட அந்த மெல்லிய ஒயரை அதில் செருகினால் மைனஸில் ஒரு எண் வரும். மைனஸ் 18, 20, 22 எல்லாம் நல்ல லைன். மைனஸ் 27 என்று காட்டினால் எங்கோ ஃபைபர் மடங்கியிருக்கிறது, இல்லை ஜாயின்ட் சரியில்லை. இன்றைக்கு ஓடும், முதல் மழைக்கு மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும். “அதெல்லாம் போதும் சார்” என்று அவன் கிளம்பினால் விடாதீர்கள். பத்து நிமிஷ வேலை, சோம்பலில் விடுவான். நானும் விட்டிருக்கிறேன்.

நெட்டில் படம் எப்படி வருகிறது என்று தெரிந்துவைத்தால் பாதிக் குழப்பம் தீரும். கேபிளில் நான் கண்ட்ரோல் ரூமிலிருந்து ஒரு சிக்னலைத் தள்ளினால் பத்து வீடு பார்த்தாலும் ஆயிரம் வீடு பார்த்தாலும் அதே சிக்னல்தான். கோயில் ஸ்பீக்கர் மாதிரி, கேட்கிறவன் கூடினால் சத்தம் குறையாது. நெட் அப்படி இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிப் பிரதி போகிறது. படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் மங்கல், சுமார், தெளிவு என்று பல தரத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள். உங்கள் டிவி ஒரு துண்டை வாங்கும், அது எவ்வளவு வேகத்தில் வந்தது என்று பார்க்கும், அதற்கேற்ற தரத்தில் அடுத்ததைக் கேட்கும். அதனால்தான் படம் போட்ட முதல் சில நொடி முகமெல்லாம் மாவு பூசின மாதிரி இருந்து பிறகு தெளிகிறது. அது கோளாறு இல்லை. ஐந்து நிமிஷம் கழித்தும் மாவு போகவில்லை என்றால்தான் கோளாறு.

பழைய படம், சீரியல் இதற்கெல்லாம் இந்த முறை ஒத்துப்போகும். நெட்ஃபிளிக்ஸ் மாதிரி கம்பெனிகள் தங்கள் படங்களை நெட் கொடுக்கும் கம்பெனிகளின் இடத்திலேயே பெட்டி வைத்து நிரப்பிவிடுகின்றன. அமெரிக்காவிலிருந்து ஒவ்வொரு தடவையும் வர வேண்டியதில்லை. நேரலைதான் கஷ்டம். 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் பார்த்தவர்கள் 5.9 கோடி. அத்தனை பேருக்கும் தனித்தனிப் பிரதி என்று யோசித்துப் பாருங்கள். தவிர, துண்டு வெட்டி, சேர்த்துவைத்து, அனுப்பிக் காட்டுவதற்குள் அரை நிமிஷம்கூடப் பிந்தும். அன்றைக்கு எங்கள் தெருவில் கேபிள் வீட்டுக்காரர்கள் தலையில் கை வைத்து வாசலுக்கு வந்த பிறகுதான் நெட் வீடுகளில் விக்கெட் விழுந்தது. கிரிக்கெட் பைத்தியம் உள்ள வீட்டில் கேபிளை வெட்டும் முன் இதைச் சொல்லிவிடுவேன். வெட்டியாயிற்று என்றால் ஆட்டம் ஓடும்போது போனை கவிழ்த்து வையுங்கள், வாட்ஸ்அப் முந்திக்கொள்ளும்.

அடுத்தது பெட்டி. டிவி ஸ்மார்ட் டிவியாக இருந்தாலும் ஐந்தாறு வருஷப் பழசு என்றால் ஆப் திணறும். அதற்காக டிவியை மாற்றாதீர்கள். எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தால் அதில் செருகி ஆப் ஓட்டும் ஒரு ஸ்டிக் போதும். ஸ்டிக்கோடு தரும் அடாப்டரைச் சுவர் பிளக்கில் செருகுங்கள். டிவியின் யுஎஸ்பி ஓட்டையில் செருகிவிட்டு “தானா ஆஃப் ஆகுது” என்று கூப்பிடுகிறவர்கள் நிறைய. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஓட்டை மட்டும் உள்ள பழைய டப்பா டிவிக்கு மாற்றிச் செருகும் கன்வெர்ட்டர் கிடைக்கும், ஆனால் திரையில் எழுத்து படிக்க முடியாது. அந்த டிவிக்குக் கேபிளே மரியாதை.

பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டி வாங்கும் முன் கடைக்காரரிடம் “வைட்வைன் எல்1 இருக்கா” என்று கேளுங்கள். முழித்தால் வெளியே வந்துவிடுங்கள். படத்தைத் திருடாமல் காக்கும் பூட்டின் உயர்ந்த தரம் அது. அது இல்லாத பெட்டியில் நீங்கள் 4கே சந்தா கட்டினாலும் சில ஆப்கள் மங்கலாகத்தான் காட்டும். “எல்லா ஆப்பும் ஃப்ரீ” என்று விற்கிற பெட்டி திருட்டுச் சரக்கு. இன்றைக்கு ஓடும், நாளைக்கு ஓடாது, நடுவில் உங்கள் பாஸ்வேர்டு எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

சந்தா விஷயத்தில் என் பேச்சைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். காசு பிடுங்கும் தொழிலில் இருந்தவன். விலைப் பட்டியலில் மலிவாக இருப்பது டிவிக்கு ஆகாது. நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் விலையைக் குறைத்தபோது மொபைல் பிளான் 149 ரூபாய், அடுத்தது 199. அந்த 149 போனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும், டிவியில் ஓடாது. போன் ரீசார்ஜோடு இலவசமாக வரும் சந்தாக்களிலும் இதே சூட்சுமம் இருக்கும். “டிவியில் ஓடுமா, எத்தனை திரை, விளம்பரம் உண்டா” என்று மூன்று கேள்வி கேளுங்கள்.

வருஷச் சந்தா கட்டாதீர்கள். ஒரு மாசம் ஒரு ஆப், பார்க்க வேண்டியதைப் பார்த்து முடி, நிறுத்து, அடுத்த மாசம் வேறு ஆப். கேபிளில் இப்படிச் செய்தால் நான் சண்டைக்கு வருவேன். இங்கே யாரும் வர மாட்டார்கள். ஆனால் நிறுத்துவதை நீங்கள்தான் செய்ய வேண்டும், டிவியில் ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்று ஒரு இடம் இருக்கும். எது எது மாசாமாசம் காசு எடுக்கிறது என்று அங்கே தெரியும், அங்கேயே ரத்து செய்யலாம். காசு எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த மெசேஜை விளம்பரம் என்று தள்ளிவிடாமல் படியுங்கள். பெரியம்மா கணக்கில் பேரன் எப்போதோ சேர்த்துவிட்டுப் போன ஒன்று ஏழு மாசமாக ஓடிக்கொண்டிருந்தது.

வயதானவர்கள் உள்ள வீட்டில் உண்மையான சிக்கல் வேறு. கேபிளில் சுவிட்சைப் போட்டால் ஏதோ ஒன்று ஓடும். இங்கே போட்டதும் “என்ன வேணும்” என்று கேட்கிறது. பெரியம்மாவுக்கு என்ன வேணும் என்று சொல்ல வேண்டியதில்லாத டிவிதான் வேணும். குழம்பு கொதிக்கும்போது உள்ளேயிருந்து சத்தம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் அவர் பார்க்கும் சேனல் எந்த ஆப்பில் நேரலையாக வருகிறதோ அதை முகப்பில் முதல் இடத்துக்கு நகர்த்திவைத்தேன். தமிழ்ச் செய்திச் சேனல்கள் பலவும் யூடியூபில் இலவசமாக நேரலையில் ஓடுகின்றன, அது இரண்டாவது இடம். ரிமோட்டில் வேண்டாத பட்டன்கள் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். மைக் பட்டனை அழுத்தித் தமிழில் பேசலாம் என்று காட்டினேன். அவர் சீரியல் பெயரைச் சொல்லாமல், “அந்த மாமியாக்காரி கொல்லப் பாத்தாள்ல, அது” என்றார். டிவி திருதிருவென்று முழித்தது. பெயரைச் சொல்ல வேண்டும் பெரியம்மா என்றதற்கு, “ஒனக்குப் புரிஞ்சுச்சுல்ல?” என்றார்.

கரண்ட் போனால் டிவி இன்வர்ட்டரில் ஓடும், மோடம் செத்துப்போகும். மோடத்துக்கென்றே 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது, வாங்கி வையுங்கள். கேபிளில் தெருவுக்குத் தெரு ஆம்ப்ளிஃபையருக்குக் கரண்ட் வேண்டும். பெரும்பாலான ஃபைபர் லைனில் நடுவழியில் கரண்ட் தேவையே இல்லை, உங்கள் மோடமும் எங்கள் கண்ட்ரோல் ரூமும் உயிரோடு இருந்தால் போதும்.

இனிமேல் எப்படிப் போகும் என்று கேட்பார்கள். எனக்குப் பார்த்த படத்தையே திரும்பப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. விளம்பரம் இல்லை என்றார்கள். 2025 ஜூனில் பிரைம் வீடியோ இந்தியாவில் விளம்பரம் போட ஆரம்பித்தது, வேண்டாமென்றால் தனிக் காசு. ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் 2025 பிப்ரவரியில் ஒன்றாகின. பத்து ஆப்பையும் ஒரே பில்லில் கட்டித் தரும் பொட்டலங்கள் வந்துவிட்டன. சேனல்களே ஃபைபர் வழியாக வருகின்றன: பிஎஸ்என்எல் 2024 அக்டோபரில் ஐஎஃப்டிவி என்று தமிழ்நாட்டிலும் மத்தியப் பிரதேசத்திலும் ஆரம்பித்தது, அதில் பார்ப்பதற்கு நெட் டேட்டா குறையாது. தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2024 நவம்பரில் வேவ்ஸ் என்று ஆப் விட்டது. நெட்டே இல்லாமல் போனுக்கு நேராக டிவி சிக்னல் அனுப்பும் சோதனைகூட நடந்திருக்கிறது. எதற்கும் நான் ஆச்சரியப்படவில்லை. பொட்டலம் கட்டுவது, விளம்பரம் நுழைப்பது, கிரிக்கெட்டைக் காட்டி விலை ஏற்றுவது எல்லாம் எங்கள் காலத்துப் பாடம்.

அதனால்தான் வருஷக் கணக்கில் எதிலும் மாட்டாதீர்கள் என்கிறேன். வீடு கட்டுகிறவர்கள் மட்டும் ஒன்று செய்யுங்கள். சுவர் பூசும் முன் மோடம் வைக்கும் இடத்திலிருந்து டிவி மாட்டும் இடத்துக்கு ஒரு இன்ச் பைப் புதைத்து, இரண்டு கேட்-6 லேன் ஒயரை இழுத்துவிடுங்கள். ஆப் எத்தனை மாறினாலும் அந்தப் பைப் மாறாது.

பெரியம்மா வீட்டில் ஒரு மாசம் ஓட்டிப் பார்த்தாயிற்று. ஆடி பிறந்ததும் ஏணியோடு போனேன். செட்டாப் பாக்ஸைக் கழற்றி, நம்பரை ரசீதில் எழுதிக் கையில் கொடுத்தேன். நீங்களும் அந்த ரசீதை வாங்காமல் பாக்ஸைத் திருப்பித் தராதீர்கள், பிறகு பாக்கி என்று யாராவது வந்து நிற்பார்கள். மாடியில் ஒயரை உருவப்போனேன். கீழேயிருந்து குரல்.

“ஏய்யா, அத உருவாத. துணி காயப்போட ஆவும்.”

இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பத்துக்கு இழுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.