விலையுயர்ந்த கார்டை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போகிமான் என்ற கார்ட்டூன் விளையாட்டின் சேகரிப்புக் கார்டு ஒன்றின் எடை 2 கிராம்கூட இருக்காது. அதே கார்டு சில நேரம் ஒரு மாதச் சம்பளத்துக்கு விலை போகும். எடை இவ்வளவு குறைவாக இருப்பதால்தான் பலரும் அதைக் கடிதம் மாதிரி நினைத்து, சாதாரணக் கவரில் போட்டுத் தபால்தலை ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். சர்வதேசத் தபால் விதிப்படி கடிதம் என்றால் உள்ளே எழுத்தும் ஆவணமும்தான் இருக்க வேண்டும். கார்டு சரக்கு. அதற்குச் சுங்க அறிவிப்பும் பார்கோடும் வேண்டும். அவை இல்லாத கவர் எங்கே நின்றுபோனது என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தியாவிலிருந்து அனுப்புபவர்கள் சிக்கனமாக, டிராக்கிங்கோடு அனுப்ப நினைத்தால் இந்திய அஞ்சல் துறையின் ஐடிபிஎஸ் எனப்படும் டிராக்டு பாக்கெட்டை முதலில் பாருங்கள். சிறிய பாக்கெட்டுகளுக்காகவே வந்த சேவை அது. எல்லா நாடுகளுக்கும் கிடையாது என்பதால், வாங்குபவரிடம் பணம் பேசுவதற்கு முன்பே அவர் நாடு பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இஎம்எஸ், அதாவது வெளிநாட்டு ஸ்பீட் போஸ்ட். செலவு கூடும்.

அடுத்த தவறில்தான் அதிகம் பேர் பணத்தை இழக்கிறார்கள். டிராக்கிங் இருந்தால் பணத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். பாக்கெட் எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான் டிராக்கிங் காட்டும். தொலைந்தால் எவ்வளவு கிடைக்கும் என்பது வேறு கணக்கு, அதற்கு ஒவ்வொரு சேவையிலும் உச்சவரம்பு உண்டு. 40,000 ரூபாய் கார்டுக்கு அந்த வரம்பு போதுமா என்பதைக் கவுன்டரில் கேட்டுவிட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும். போதாதென்றால் காப்பீடு உள்ள கூரியரைப் பாருங்கள். அங்கேயும் சேகரிப்புப் பொருள்களுக்குக் காப்பீடு உண்டா என்று தனியாகக் கேளுங்கள், சில நிறுவனங்கள் அவற்றை விலக்கிவைத்திருக்கும். பேபால் வழியாகப் பணம் வாங்கினால் இன்னொன்றும் உண்டு: 750 டாலருக்கு மேற்பட்ட விற்பனைக்கு, விற்பவருக்கான பாதுகாப்பு கிடைக்க வேண்டுமானால், பெற்றவர் கையெழுத்திட்டதற்கான சான்று வேண்டும்.

சரி, டிராக்கிங் எண்ணைப் பற்றி. முதலில் 2 எழுத்து, நடுவில் 9 எண்கள், கடைசியில் ஐஎன் என்று நாட்டுக் குறியீடு. பாக்கெட் நாட்டை விட்டுப் போனதும் இங்கே தகவல் பல நாள் அசையாமல் நிற்கும். உடனே பயப்பட வேண்டாம். அதே எண்ணைப் பெறும் நாட்டின் அஞ்சல் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே விவரம் இருக்கும்.

சுங்கப் படிவத்தில் மதிப்பைக் குறைத்து எழுதுவதும், விற்ற பொருளைப் 'பரிசு' என்று எழுதுவதும் கூடவே கூடாது. வாங்குபவரே கெஞ்சிக் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். அது பொய்யான அறிவிப்பு, மாட்டினால் பாக்கெட் பறிபோகலாம். தொலைந்துபோனாலோ, நீங்களே 500 ரூபாய் என்று எழுதிக்கொடுத்த பொருளுக்கு 40,000 கேட்க முடியாது. வரி கட்டாமல் நழுவவும் இப்போது இடம் குறைந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான வாட் விலக்கை 2021 ஜூலை 1 அன்று எடுத்துவிட்டது. அமெரிக்கா 800 டாலர் வரையிலான தீர்வை விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. அந்த நேரத்தில் இங்கிருந்து அமெரிக்காவுக்குப் போகும் பெரும்பாலான தபால்களின் பதிவே அக்டோபர் வரை நின்றிருந்தது. அதனால் வரியை யார் கட்டுவது என்பதை விலை பேசும்போதே முடிவு செய்துவிடுங்கள். பொருளின் விவரமாக 'கார்டு' என்று மட்டும் எழுதினால் வாழ்த்து அட்டையா, வங்கி கார்டா என்று குழப்பம் வரும். 'ட்ரேடிங் கார்டு, காகிதம், 1' என்று எழுதுங்கள். சாரிசார்ட் போன்ற விலையுயர்ந்த போகிமான் கார்டின் பெயரைக் கவரின் மேல் எழுதித் திருடனுக்கு வழிகாட்ட வேண்டாம்.

பேக்கிங்கில் என் கை சுட்டுக்கொண்டது செலோ டேப்பால். கார்டை வைக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் உறையான டாப்லோடரின் வாயை அதை வைத்து இறுக்கி ஒட்டி ஜெர்மனிக்கு அனுப்பினேன். வாங்கிய பையன் பிரிக்க முடியாமல் கத்தியை வைக்க, முனை உள்ளே இறங்கிக் கார்டின் மேல்விளிம்பில் கோடு விழுந்துவிட்டது. அவன் அனுப்பிய படத்தைப் பார்த்த அன்று தூக்கமே வரவில்லை. இப்போது மாஸ்கிங் டேப்தான், அதன் ஒரு நுனியை மடித்துவிடுவேன், இழுத்தால் வந்துவிடும். கார்டை முதலில் ஸ்லீவ் எனப்படும் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு அப்புறம்தான் டாப்லோடரில் இறக்க வேண்டும், வெறும் கார்டை இறக்கினால் கீறல் விழும். டாப்லோடரை விடச் சற்றுப் பெரிய இரண்டு நெளி அட்டைகளை, ஒன்றின் வரி நெடுக்காகவும் மற்றதன் வரி குறுக்காகவும் இருக்கும்படி வைத்து நடுவில் டாப்லோடரைச் சொருகுங்கள். எந்தப் பக்கம் வளைத்தாலும் மடங்காது. அதன் மேல் பபிள் கவர். ஐப்பசி மழையில் ஈரக் காற்றோடு சேர்த்துப் பிளாஸ்டிக் பையை ஒட்டிவிடாதீர்கள். ஹோலோ கார்டில் காகிதம் ஈரத்தை உறிஞ்சும், பளபளக்கும் படலம் உறிஞ்சாது. அதனால் கார்டு வளைந்துவிடும்.

ஸ்லாபுக்கு, அதாவது தரம் மதிப்பிட்டுக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் சீல் வைத்த கார்டுக்குப் பெட்டி தேவை, ஆனால் அளவான பெட்டி. கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து எடை போடுவது வழக்கம். 30×20×15 பெட்டியில் ஒரே ஒரு ஸ்லாபை வைத்தால் 1.8 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டிவரும்.

ஒட்டுவதற்கு முன் கார்டின் முன், பின், நான்கு மூலைகள், அப்புறம் பேக்கிங் முழுவதையும் இடையில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்துவையுங்கள். எடை அச்சிட்ட ரசீதை, வாங்குபவர் 'கிடைத்தது' என்று சொன்ன பிறகும் எறிய வேண்டாம். தபாலில் அனுப்பிய நாளிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்குள் விசாரணை கேட்கலாம், அதற்கு அந்த ரசீது வேண்டும்.