இளம்பயிர்ப் பெயர்களுக்கு வேர் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முளை, நாற்று, கன்று, பிள்ளை, வடலி என்று இளம்பயிருக்குத் தமிழில் இருக்கும் பெயர்களைப் பற்றிப் புதிதாக எழுத வருகிறவர்கள் இப்போது நிறைய. சந்தோஷம்தான். ஆனால் நாங்கள் கற்றுக்கொண்ட காலத்துக் கோளாறுகளையே வரிசை மாறாமல் அவர்களும் செய்வதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. எழுத்துப்பிழை, அகராதியைத் திறக்காமல் எழுதுவது இதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை.

நாற்றங்காலில் நாற்றம் தேடுவது

இதில் எனக்கு இன்னும் எரிச்சல் தீரவில்லை. ஒரு சொற்கையேட்டை மெய்ப்புப் பார்க்கக் கொடுத்தார்கள். ஊறிய விதைநெல் முளைவிடும்போது ஒரு வாடை வருமாம், அந்த நாற்றம் அடிக்கும் இடம்தான் நாற்று வளர்க்கும் பாத்தியான நாற்றங்காலாம், அங்கே வளர்வதால் நாற்றாம். வாடை வருவது உண்மை. பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம் என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளை ஒட்டவைத்து இல்லாத வேர் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். அடித்துவிட்டு ஓரத்தில் காரணமும் எழுதிக் கொடுத்தேன். "கேக்க நல்லா இருக்கே சார்" என்று அதையே திரும்பச் சேர்த்து அச்சடித்துவிட்டார்கள். இப்போது அந்தப் பக்கத்தை என்னிடமே வந்து மேற்கோள் காட்டுகிறார்கள்.

சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ஆறு ஆற்றங்கரை ஆவதுபோல நாறு நாற்றங்கால் ஆகிறது, நடுவில் உள்ள 'அம்' வெறும் சாரியை, இரண்டு சொல்லை இணைக்க வருவது, தனிப்பொருள் கிடையாது. நாறு என்றாலே இளம்பயிர்தான். நாறுதல் என்ற வினைக்கு முளைத்தல், தோன்றுதல் என்ற பொருள் பழைய தமிழில் உண்டு. சரி, மணப்பதும் அதே நாறுதல்தானே, ஒன்றிலிருந்து மற்றது வந்திருக்கக் கூடாதா என்று கேட்பார்கள். அங்கேதான் மலையாளம் கைகொடுக்கிறது. அங்கே நாற்று 'ஞாறு', நாற்றங்கால் 'ஞாற்றடி'. ஆனால் வாடை அடிப்பதற்கு 'நாறுக', அது நகரத்தில் தொடங்குகிறது. நண்டுக்குத் தமிழிலேயே ஞண்டு என்ற பழைய வடிவம் இருப்பதை நினைத்துக்கொண்டால் விஷயம் புரியும்: தனித்தனியாக இருந்த இரண்டு சொற்கள் தமிழில் ஞகரம் நகரமானபோது ஒரே ஒலியில் வந்து நின்றுவிட்டன. தெலுங்கிலும் நாற்றுக்கு 'நாரு' என்றுதான் பெயர். அக்கம்பக்கத்து மொழியில் ஒரு எட்டுப் பார்க்காமல் கதை கட்டாதீர்கள், அது அச்சேறிவிட்டால் பிறகு யாராலும் இறக்க முடியாது.

பிள்ளை என்றால் பாசம்

பெற்ற பிள்ளைபோல வளர்ப்பதால் தென்னம்பிள்ளை என்கிறார்கள். அப்படியானால் அணிற்பிள்ளையையும் கீரிப்பிள்ளையையும் யார் வளர்த்தார்கள்? பிள்ளை என்பது பழைய இளமைப்பெயர், அவ்வளவுதான்.

வடலி

இளம்பனைக்கு மட்டும்தான் இந்தப் பெயர். வேறு மரத்துக்கு ஒட்டாதீர்கள்.

முளையும் குருத்தும் ஒன்று என்பது

ஊறிய பயறு ஒன்றைப் பிளந்து பாருங்கள். முதலில் வெள்ளையாக வெளியே நீட்டிக்கொண்டிருப்பது முளைவேர். முளைக்குருத்து இரண்டு பருப்புக்கும் நடுவில் இன்னும் மடங்கித்தான் கிடக்கும். நாம் முளை என்று சொல்வது பெரும்பாலும் அந்த வேர்ப்பக்கத்தைத்தான். குருத்து விரியாத இலையின் பக்கம் போகிற சொல்.

கன்று என்றால் விதையில் வந்தது

இல்லை. வாழைக்கன்று கிழங்கிலிருந்து பக்கத்தில் கிளைப்பது.

மரபியலை வாய்ப்பாடாக்குவது

தொல்காப்பியத்தின் மரபியல் ஓரறிவுயிருக்கு, அதாவது செடிகொடி மரங்களுக்கு, பிள்ளை, குழவி, கன்று, போத்து என்று சொல்லலாம் என்கிறது; அடுத்த நூற்பாவிலேயே 'நெல்லும் புல்லும் நேரார் ஆண்டே', நெல்லுக்கும் புல்லுக்கும் அவை ஆகாது, என்று கதவைச் சாத்துகிறது. அதனால் மாவுக்கும் புளிக்கும் கன்று, நெல்லுக்கு நாற்று. நெற்கன்று என்று யாரும் சொல்வதில்லை. இதுவரை சரி. அப்புறம் இதையே வாய்ப்பாடாக்கினால் சிக்கல் வரும். வயிரம், அதாவது தண்டின் கெட்டியான பகுதி, வெளிப்பக்கம் இருப்பது புல், உள்ளே இருப்பது மரம் என்பதும் அதே மரபியல்தான். அந்தக் கணக்கில் தென்னையும் புல்! புல்லுக்குப் பிள்ளையும் கன்றும் ஆகாது என்று நேராகப் பொருத்தினால் தென்னம்பிள்ளை, தென்னங்கன்று இரண்டையும் அடிக்க வேண்டிவரும். அடித்துக் கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் இன்றைக்கும் புழங்குகிற சொற்கள், விட்டுவிடுங்கள்.