விற்கப் போகும் வீட்டுக்கு அவசரப் பெயின்ட் வேண்டாம்

வீட்டை விற்பதென்று முடிவானதும் முதல் போன் பெயின்டருக்குத்தான் போகிறது. தருமபுரியோ கிருஷ்ணகிரியோ, எல்லா இடத்திலும் இதே கதைதான். சுவர் பொரிந்த இடத்தைச் சுரண்டி, பட்டி பார்த்து, ரெண்டு கோட் எமல்ஷன் அடித்து மூடிவிடுகிறார்கள். ஆனால் வாங்க வருகிறவர் தெரிந்த மேஸ்திரி ஒருவரையும் கூட்டிக்கொண்டு வருவார். அந்த மேஸ்திரி ஹால் அழகைப் பார்க்க மாட்டார், நேராகப் பாத்ரூம் சுவரின் மறுபக்கம் போய், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார், பூச்சு விட்டிருந்தால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். இங்கேயே மறைத்தவர்கள் இன்னும் எதையெல்லாம் மறைத்தார்களோ என்ற சந்தேகம் வந்துவிட்டால் அப்புறம் நீங்கள் சொல்லும் விலை நிற்காது.

ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: குழாய்க் கசிவா, மொட்டை மாடியில் வாட்டம் சரியில்லாமல் தண்ணீர் தேங்குகிறதா, அஸ்திவாரத்திலிருந்து ஏறுகிறதா. அதைச் சரிசெய்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பெயின்ட். ஈரச் சுவரில் அடித்தால் மறுபடி உரியத்தான் செய்யும். ஆடியில் எப்படியும் வீடு பார்க்க ஆள் வருவது குறைவு, அந்த மாதத்தில் வெயில் பார்த்து இந்த வேலையை முடித்துவிட்டு ஆவணியில் காட்டலாம். இன்னொன்று, 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 55-ஆம் பிரிவின்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், உங்களுக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை நீங்கள் சொல்லியே ஆக வேண்டும்.

அடுத்தது தண்ணீர். நம்ம பக்கத்துப் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு பிரச்சினை ஊரறிந்த விஷயம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். அதனால் உங்கள் சோபாவை யாரும் கவனிக்க மாட்டார்கள், குழாயைத் திறந்துதான் பார்ப்பார்கள், ஒகேனக்கல் தண்ணீர் கனெக்‌ஷன் இருக்கா என்று கேட்பார்கள். குழாயிலும் டைல்ஸிலும் படிந்த வெள்ளை உப்புக் கறையைப் போக்க ஆசிட் ஊற்றுவது பெரிய தவறு. குழாயின் பளபளப்பு போய்விடும், டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமென்ட் அரித்துவிடும். வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ நனைத்த துணியைக் குழாயில் அரை மணி நேரம் சுற்றிவைத்துத் தேய்த்தாலே பெரும்பாலும் விட்டுவிடும் (பழைய மொசைக் தரையில் மட்டும் இதையும் ஊற்றாதீர்கள், பாலிஷ் போய்விடும்).

சாமான் விஷயத்தில் ரெண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. சிலர் ஒரு பெட்ரூம் முழுக்கப் புளி மூட்டையும் மாங்காய்க் கிரேடும் அடுக்கிவைத்துவிட்டு அதை மூணு பெட்ரூம் வீடு என்று சொல்வார்கள், பார்க்கிறவர் கண்ணுக்கு அது ரெண்டு பெட்ரூமும் ஒரு குடோனும்தான். இன்னும் சிலர் துடைத்துவைத்த மாதிரி காலி செய்துவிடுகிறார்கள். காலி அறையில் கட்டில் எங்கே போடுவது, பீரோ எங்கே நிற்கும் என்று அளவு பிடிபடாது, எனவே ஒன்றிரண்டு சாமானை விட்டுவையுங்கள், ஜன்னலை மட்டும் மறைக்க வேண்டாம். குடும்பப் படம், சாமி படம் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்லும் வெளிநாட்டு வீடியோ ஆலோசனை நமக்கு ஒத்துவராது என்பது என் கருத்து. பூஜை அறையில் விளக்கு எரிந்தால் நல்லதுதான், மேலே படிந்த கரியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்தால் போதும்.

விற்பதற்காகவே மாடுலர் கிச்சன் போடாதீர்கள், போட்ட காசு அப்படியே திரும்புவது கஷ்டம். ரூம் ஸ்ப்ரே அடித்து வைத்தால் எதை மறைக்கிறார்கள் என்றுதான் மூக்கு தேடும், ஜன்னலைத் திறந்துவிட்டாலே போதும். ஓசூர்ப் பக்கம் பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் சனி, ஞாயிறுதான் வருவார்கள், அந்த ரெண்டு நாளும் வெளிச்சம் இருக்கும்போது வரச் சொல்லுங்கள். தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது நகலெல்லாம் ஒரே கவரில் கையில் இருக்கட்டும். ஈபி கார்டு இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் அதை இப்போதே மாற்ற எழுதிக் கொடுத்துவிடுங்கள், அட்வான்ஸ் வாங்கிய பிறகு அலைய வேண்டியிருக்காது.