விண்வெளிப் பாசி ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரபணு மாற்றிய பாசிகள் விண்வெளியில் எப்படி ஒளிச்சேர்க்கை செய்கின்றன என்பதை ஆராய வரும் இளையவர்கள், நான் முன்பு செய்த அதே பிழைகளைத் திரும்பச் செய்வதைப் பார்த்ததால் இதை எழுதுகிறேன். வளர்ப்பில் பாக்டீரியா கலப்பது, குப்பிகளின் பெயர் மாறிப்போவது போன்றவை எல்லோருக்கும் தெரியும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

இயற்கை வகையோடு ஒப்பிடுதல்

கிளாமிடோமோனாஸ் பாசியில், ஒளிச்சேர்க்கை அமைப்பின் மையத்திலுள்ள டி1 என்ற புரதத்துக்குரிய மரபணுவில் நான்கு இன்ட்ரான்கள் (புரதமாக மாறாத இடைத்துண்டுகள்) உள்ளன. உங்கள் சடுதிமாற்ற வகை (அந்தப் புரதத்தை மாற்றிய பாசி) இன்ட்ரான் நீக்கிய மரபணுவால் உருவானதென்றால், அதே மரபணுவைக் கொண்டு, புரதத்தில் மட்டும் மாற்றமில்லாத வகையே அதற்குச் சரியான இணை; இயற்கை வகை அல்ல.

தரையிலுள்ள இணை மாதிரி

விண்கலத்தில் பாசி மூடிய சிறு அறைக்குள் இருக்கிறது. அதோடு ஒப்பிடப்படுவதோ பல நேரங்களில் ஆய்வகக் குலுக்கியின் மேல் காற்றோட்டத்துடன் வளரும் குடுவைப் பாசி. பறப்புக்கு முந்தைய ஒத்திகை ஒன்றில், கருவிக்குள் அடைத்த சடுதிமாற்ற வகையின் திறன் குறைந்ததைக் கண்டு, புரத மாற்றமே காரணம் என்று நான் முடிவுகட்டினேன். ஆறு வாரம் கழித்து, மாற்றமில்லாத வகையை அதே அறையில் அடைத்தபோது அதுவும் அதே அளவு தளர்ந்தது. அறைக்குள் கரியமில வாயு தீர்ந்துபோயிருந்தது; ஆறு வார அளவீடுகளும் வீணாயின.

சுற்றுப்பாதையில் இந்தச் சிக்கல் மேலும் கூடுகிறது. தரையில் சூடான நீர் மேலேறுவதும் குளிர்ந்த நீர் கீழிறங்குவதும் திரவத்தைத் தாமாகவே கலக்கிவிடும். எடையற்ற நிலையில் அந்த வெப்பச்சலனம் இல்லாததால், அசையாத செல்லைச் சுற்றியுள்ள நீர்ப்படலத்தில் ஆக்சிஜன் தேங்குகிறது, கரியமில வாயு விரவல் வழியாக மட்டுமே வந்து சேர்கிறது. ஆகவே அதே கருவி, அதே ஒளி, அதே வெப்பநிலை, ஏவுதலுக்கு முன் அதே காத்திருப்பு ஆகியவற்றுடன் ஒரு இரட்டை மாதிரி தரையில் இல்லையென்றால், கதிர்வீச்சின் பாதிப்பையும் வாயுப் பற்றாக்குறையையும் உங்களால் பிரித்தறியவே முடியாது. இவ்வளவு எளிதில் தவிர்க்கக்கூடிய ஒன்றால் அரிய பறப்பு வாய்ப்பு வீணாவது இன்றும் எனக்குக் கோபமூட்டுகிறது.

இருட்டு

பாசியைப் போதிய நேரம் இருட்டில் வைக்காமல் பெரும ஒளிர்வுத் திறனை (பாசி திரும்ப உமிழும் ஒளியை வைத்துக் கணிக்கும் ஒளிச்சேர்க்கையின் உச்சத் திறனை) அளக்காதீர்கள்.

ஒரு மாற்றத்தை வைத்து மற்றதைக் கணித்தல்

2013இல் வெளியான ஓர் ஆய்வில், டி1 புரதச் சங்கிலியின் 250ஆம் இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் லூசின் என்ற வேறொன்றை வைத்த வகை, மாற்றமில்லாத வகையைப் போலவே விண்வெளியில் திறன் குன்றியது. அடுத்த இடமான 251இல் அலனினுக்குப் பதில் சிஸ்டீன் வைத்த வகையோ அங்கே நன்றாக ஒளிச்சேர்க்கை செய்து, பூமிக்குத் திரும்பிய பின் மீண்டும் வளர்ந்தது. 163ஆம் இடத்தில் ஐசோலூசினுக்குப் பதில் ஆஸ்பராஜின் பெற்ற வகையும் அப்படியே. இவ்விரண்டும் முதல் குயினோன் ஏற்பியில் (ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரானை வாங்கிக் கடத்தும் மூலக்கூறில்) தேங்கும் எலக்ட்ரானை அடுத்த ஏற்பிக்குக் கைமாற்றும் திறன் மிகுந்தவை என்பது தரையில் செய்த அளவீடுகளில் தெரிந்தது.