ஊதா முடிக்கற்றை போதாது

கோத்தகிரியில் சனிக்கிழமைதோறும் பதின்ம வயதினர் சிலரோடு உட்கார்ந்து, அவர்கள் எழுதும் கதைகளைப் படித்து வருகிறேன். பெரும்பாலான கதைகளில் ஊர் போகும் வழியில் போகாமல் தன் வழியில் நடக்கிற ஒரு பெண்ணோ பையனோ இருப்பார்கள். இளையோர் நாவலின் உயிரே அந்தப் பாத்திரம்தான். அதனால்தான் அது பிசகும்போது மனம் வலிக்கிறது.

உறைபனி விழுந்த ஒரு காலையில் மாணவி ஒருத்தி கொண்டுவந்த கதையின் நாயகிக்கு நெற்றியோரம் ஊதா நிறத்தில் ஒரு முடிக்கற்றை, கழுத்தில் ஹெட்போன், தோளில் கிட்டார். யாரோடும் பேச மாட்டாள். அவள் வித்தியாசமானவள் என்று முதல் பக்கத்திலேயே மூன்று முறை எழுதியிருந்தது. "இவளால் ஊரில் யாருக்கு என்ன சங்கடம்?" என்று கேட்டேன். பதில் வரவில்லை.

கோலத்தைத் துணிச்சல் என்று எண்ணிக்கொள்வதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் இதன் வயிற்றில் பிறப்பவை. எங்கள் மலை ரயில் குன்னூரைத் தாண்டி ஊட்டிவரை நீண்ட அதே 1908இல்தான் கனடா எழுத்தாளர் எல். எம். மாண்ட்கோமரியின் 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' வெளியானது. ஆன் என்றதும் அவளுடைய செம்பட்டை முடிதான் பலருக்கு நினைவு வரும். அவளோ அந்த முடியை வெறுத்தாள். கறுப்பாக்கப் போய்ப் பச்சையாக்கிக்கொண்டாள். முடியைக் கேலி செய்த சக மாணவனின் தலையில் சிலேட்டை உடைத்து, அவன் மன்னிப்புக் கேட்டும் ஆண்டுக்கணக்கில் முகம் திருப்பிக்கொண்டாளே, அந்த வீம்புதான் ஆன். முடி கறுப்பாகவே இருந்திருந்தாலும் வேறு எதற்காகவாவது அவள் அந்தச் சிலேட்டை உடைத்திருப்பாள்.

மாணவியோடு பேசிக்கொண்டிருந்தபோது, தன் பாட்டி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பதாகவும், லீவு நாட்களில் தானும் எடை போடும் இடத்துக்குப் போய்ப் பாட்டியின் எடையை நோட்டில் குறித்துவைப்பதாகவும் சொன்னாள். "ஏன் குறிக்கிறாய்?" என்றேன். "சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்கிறார்கள். எவ்வளவு கழிக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை" என்றாள். அவளுடைய நாயகி அந்த நோட்டில் இருந்தாள். கிட்டார் அன்றோடு போயிற்று.

அடுத்த வாரம் வந்த பிரதியில் இரண்டாவது தவறு இருந்தது. மேஸ்திரி கொடியவன், அக்கம்பக்கத்தார் முட்டாள்கள், பேத்தியின் கையைப் பிடித்து இழுக்கும் பாட்டி கோழை. நாயகியை உயர்த்திக் காட்ட ஊரையே பள்ளத்தில் தள்ளுவது மிக எளிது. அப்படிச் செய்தால் அவள் எதிர்த்து நிற்க யாரும் மிஞ்சுவதில்லை. தடுப்பவருக்கும் ஒரு நியாயம் இருக்க வேண்டும். "பாட்டியிடமே கேட்டு வா" என்று அனுப்பினேன். இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இலங்கையிலிருந்து வந்த குடும்பம் அது. வந்தபோது பாட்டிக்கு எட்டு வயது. கப்பலேறியது, மண்டபம் முகாமில் காத்திருந்தது, எங்கே போவது என்பதை ஏதோ ஒரு காகிதம் தீர்மானித்தது எல்லாம் நினைவிருக்கிறது. எழுத்து என்றாலே அவருக்குத் தங்களை இடம்பெயர்க்கிற ஒன்று. பேத்தி பேனாவைத் திறந்தால் அவர் கை நடுங்காதா? இது தெரிந்த பிறகு அந்தக் காட்சியில் இரண்டு பேருமே துணிந்தவர்களாகத் தெரிந்தார்கள்.

நீலகிரியில் இருந்து எழுதுபவர்களிடம் அடிக்கடி பார்க்கும் இன்னொரு தவறு, ஒரு சமூகத்தையே வித்தியாசத்துக்கான ஒப்பனையாக்குவது. தோடர் பழங்குடிப் பெண் ஒருத்தியைப் பூத்துக்குளி என்னும் பூவேலைப் போர்வை போர்த்தி நிறுத்திவிட்டால் தனித்துவம் வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். துணியில் கோடு வரையாமல், இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகத் தைக்கும் அந்தப் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அழகுதான். ஆனால் அதைத் தைக்கிறவள் தன் மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், பத்தோடு பதினொன்று. எருமைகளைப் பார்த்துக்கொள்வது வழிவழியாக ஆண்களின் பொறுப்பாக இருக்கும் இடத்தில், கால்நடை மருத்துவம் படித்து வந்து நானே எருமைக்கு ஊசி போடுவேன் என்கிறாள் ஒரு பெண் என்றால், கதை அங்கே தொடங்குகிறது. அதை எழுத அந்த வீட்டாரோடு உட்கார்ந்து நிறையக் கேட்க வேண்டும். கேட்க நேரமில்லாதவர்கள் தயவுசெய்து எழுத வேண்டாம்.

கோலூன்றி நடக்கும் பையனை மற்றவர்களுக்குப் பாடம் சொல்வதற்காகவே கதைக்குள் கொண்டுவருவதும் இதே வகைதான். அவனுக்கும் பொறாமையும் பசியும் பொய்யும் இருக்கட்டும்.

கடைசித் தவறு முடிவில் வருகிறது: நாயகி மேடையேறிப் பேசுகிறாள், ஊரே கைதட்டுகிறது. இப்படி முடிக்காவிட்டால் வாசகருக்குப் பிடிக்காது என்ற பயம்தான் இதை எழுத வைக்கிறது. அந்த நெருக்கடி பழையது. அமெரிக்க எழுத்தாளர் லூயிசா மே ஆல்காட்டின் 'லிட்டில் வுமன்' முதல் பாகம் 1868இல் வந்ததும், நாயகி ஜோவை அவள் தோழன் லாரிக்கு மணமுடிக்கச் சொல்லி வாசகிகள் கடிதம் எழுதினார்கள். அவர் மறுத்துவிட்டார். ஜோ மணமாகாத எழுத்தாளராகவே இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதுவும் நடக்கவில்லை, அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் வேறொருவரோடு திருமணம் செய்துவைத்தார். பாத்திரம் ஊரை எதிர்ப்பதற்கு முன் எழுதுகிறவர் வாசகரை எதிர்க்க வேண்டியிருக்கிறது. ஜெர்ரி ஸ்பினெல்லி 2000இல் எழுதிய 'ஸ்டார்கேர்ள்' நாவலில், யாரைப் போலவும் இல்லாத நாயகி காதலனுக்காக எல்லோரையும் போல மாறியும் பார்க்கிறாள். அப்போதும் பள்ளி அவளை ஏற்பதில்லை. படித்துப் பல ஆண்டுகள் ஆகியும் எனக்கு அது ஆறவில்லை.

அந்த மாணவி நான்காவது முறை எழுதிய பிரதி இப்போது என் மேசையில் இருக்கிறது. நாயகி எடையைச் சத்தமாக வாசிக்கிறாள்: "இருபத்து மூன்று கிலோ. நீங்கள் எழுதியது இருபது." யாரும் கைதட்டவில்லை. மறுநாள் பாட்டியின் சாக்கைக் கடைசியாகத்தான் எடை போடுகிறார்கள். பனிமூட்டம் இறங்கி, பஸ்ஸும் போய்விடுகிறது. இருவரும் பேசாமல் நடக்கிறார்கள். வழியில் மழை பிடிக்கிறது. பாட்டி மழைக்குப் போர்த்திய கொங்காணிக்குள் கையை விட்டு, பேத்தியிடமிருந்து அந்த நோட்டை வாங்கி, நனையாமல் உள்ளே வைத்துக்கொள்கிறார்.