உமிச் சாம்பலில் சீமெந்து: எங்கே தவறுகிறோம்?

திருகோணமலை மாவட்டத்தில் தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் நெல்லுக்குக் குறைவில்லை. ஆலைகளில் உமிக்கும் குறைவில்லை. சீமெந்து விலை ஏறினால், உமிச் சாம்பலையும் சுண்ணாம்பையும் சேர்த்துச் சாந்து குழைக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். தாராளமாகக் குழைக்கலாம். ஆனால் எல்லோரும் விசாரிப்பது கலவை அளவை. காரியம் கெடுவதோ அடுப்பில்.

உமி எரிந்தால் அதன் எடையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அதில் பெரும்பகுதி சிலிக்கா, மணலில் இருக்கும் அதே பொருள். 500 முதல் 700 பாகை செல்சியசுக்குள் எரிந்த சாம்பல்தான் சுண்ணாம்போடு நன்றாகச் சேர்ந்து இறுகும். அதற்கு மேல் நெடுநேரம் வெந்துவிட்டால் சிலிக்கா படிகமாகிவிடும். பிறகு அதற்கும் சாதாரண மணலுக்கும் பெரிய வித்தியாசமில்லை. வெள்ளைச் சாம்பல் என்றால் நல்ல சாம்பல் என்று நம்புகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கன்னங்கரேல் என்று இருந்தாலும் ஆகாது: அதிலுள்ள கரி தண்ணீரைக் குடித்துச் சாந்தைப் பலவீனமாக்கும்.

நிறத்தை நம்பாமல் சோதித்துப் பாருங்கள். சாம்பலைச் சீமெந்து போல நைசாக அரைத்து (அரைக்காமல் போடுவதும் பெரிய தவறு), நீர்த்த சுண்ணாம்பு (சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் சேர்த்துப் பொடியாக்கியது) ஒரு பங்குக்குச் சாம்பல் இரண்டு பங்கு என்று எடைபோட்டுக் குழைத்து உருண்டை பிடியுங்கள். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் வைத்துவிட்டுத் தண்ணீரில் போடுங்கள். கரைந்தால், அந்தச் சாம்பல் வயலுக்குப் போகட்டும்.

உமிச் சாம்பலுக்குப் பதிலாகச் சுண்ணாம்போடு சேர்க்கும் செங்கல் தூளிலும் இதே கதைதான். சூளையில் கறுத்து உருகிய கல்தான் உறுதி என்று அதை இடிப்பார்கள். ஆனால் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகுவது மிதமாக வெந்த கல்லின் தூள்தான். புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணலைக் கேட்கிறவர்களும் உண்டு. அது இல்மனைட், தைத்தேனியத் தாது. சாந்தைப் பிடிக்க வைக்காது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையில் கை வைப்பது சட்டப்படி குற்றம்.

அடுத்தது நம்மூர்க் கச்சான், வறண்டு வீசும் தென்மேற்குக் காற்று. இந்தச் சாந்து இறுக ஈரம் வேண்டும், அவகாசமும் வேண்டும். பூசிய மறுநாளே காயவிட்டால் கச்சான் ஈரத்தை உறிஞ்சிவிடும், பூச்சு பொருபொருத்துக் கொட்டும். நனைத்த சாக்குப் போட்டு இரண்டு வாரமாவது மூடி வையுங்கள்.

கல் கட்டவும் சுவர் பூசவும் இது போதும். கம்பி வைக்கும் தூண், பீம், சிலாப் எதற்கும் வேண்டாம்; அங்கே சீமெந்துதான். சுட்ட சுண்ணாம்பை நீர்க்கும்போது சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றாமல், தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பைப் போடுங்கள். கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.